உள்மட்டைக்கு அடியில் நின்றவர்

கச்சான் காற்று கடைக் கதவைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த ஒரு பிற்பகல். நான்கு மூலைக்கும் நான்கு இரும்புத் துண்டுகளை வைத்து, மூன்றாவது படத்தை மேசையில் விரித்தேன். விரித்த கையோடு அடிமட்டத்தை எடுத்து அதன் வலது ஓரத்தின் மேல் வைத்தேன்.

எதிரே நின்றவர் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் அளவெடுக்கிறேன் என்றுதான் நினைத்திருப்பார். மன்னார் பசாரில் நாற்பது வருடமாகப் படங்களுக்குச் சட்டம் போடுகிறவன் ஒரு படத்தின் மேல் அடிமட்டத்தை வைப்பதில் என்ன அதிசயம்?

நான் அளவெடுக்கவில்லை. அந்த ஓரத்தில் நின்ற ஒரு மனிதரை மறைத்தேன். அவரை ஏற்கெனவே ஒரு தடவை நான் பார்த்திருந்தேன். அவருக்கு நான் செய்ததும் எனக்கு நினைவிருந்தது.

சென்ற வாரம் இந்தப் பத்தியில், தாராபுரத்து மாப்பிள்ளையின் படத்தை இன்னொருவர் சட்டத்துக்குள் மாற்றிப் போட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதையை எழுதினேன். வாசித்தவர்கள் கடைக்கே வந்து சிரித்தார்கள். இந்த வாரம் சிரிக்க அதிகம் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

துரைக்கும் எண், நாய்க்கும் எண்

படங்களைக் கொண்டுவந்தவர் மன்னார்க்காரர். பறவை பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரருக்காகக் கடற்கரைப் பக்கம் ஒரு விடுதி கட்டியிருந்தார். கொழும்பில் பழஞ்சாமான் விற்கிற ஒரு கடையில் இந்த நான்கு படங்களும் அவருக்குக் கிடைத்தன. மலைநாட்டுத் தோட்டங்களின் பழைய கல்லச்சுப் படங்கள். தேயிலைக்கும் முந்திய கோப்பிக் காலத்தவை.

“சாப்பாட்டு மண்டபத்திலை வரிசையாய்க் கொழுவப் போறன், அண்ணை. வாற வெள்ளைக்காரருக்கு நல்லாப் பிடிக்கும்” என்றார்.

“மன்னாரிலை எஸ்டேட் எங்கை இருக்கு சேர்?”

“இல்லாட்டி என்ன? வடிவாயிருக்கெல்லே?”

வடிவாகத்தான் இருந்தது. அதை மறுக்க முடியாது. பின்னால் நீல மலை. மலையின் இடுப்பில் பங்களா, புகைபோக்கியில் மெல்லிய புகை. வாசலில் குதிரை மேல் ஒரு துரை, அவருக்குப் பக்கத்தில் வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு நாய். கீழே கோப்பி ஸ்டோர். அதற்கும் கீழே கூலிகளின் வரிசை வீடுகளான லயம், லயத்துக்கு முன்னால் பெரட்டுக்களம். காலையில் ஆள் கணக்கெடுக்கக் கூட்டுகிற அந்த வெளியில் எங்கள் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் சுண்டுவிரல் நகம் அளவு.

படத்தின் அடியில் சின்ன எழுத்தில் எண் போட்டு விளக்கம் இருக்கும். ஒன்று துரை, இரண்டு பங்களா, மூன்று ஸ்டோர், நான்கு குதிரை. குதிரைக்குப் பெயர்கூட உண்டு. நாய்க்கும் எண்ணும் பெயரும் உண்டு. எங்கள் ஆட்களுக்கு எண் இல்லை. மலை எவ்வளவு பெரிது என்று காட்டுவதற்காக அவர்களை வரைந்திருப்பார்கள் போலும்.

இதில் ஓவியக்காரர் மேல் பழி போட நான் தயாரில்லை. அந்த மனுசன் பொய் சொல்லவில்லை. தோட்டமும் அப்படித்தான் இருந்தது. பங்களா உச்சியில், கணக்கப்பிள்ளை வீடு அதற்குக் கீழே, கங்காணி வீடு அதற்கும் கீழே, லயம் அடிவாரத்தில். ஒருவர் எந்தப் படிக்கட்டில் நிற்கிறார் என்று பார்த்தாலே அவரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

ஒருமுறை ஒருவர் மன்னாருக்குத் தெற்கே அரிப்பு என்ற ஊரின் கடற்கரைத் துரை மாளிகையின் பழைய படத்தைச் சட்டம் போடக் கொண்டுவந்தார். இப்போது இடிந்து கடலுக்குள் சரிகிறதே, அதேதான். அதிலும் தூண்கள் பனை உயரம், முத்துக் குளிக்கிறவர்கள் புள்ளி. கரையென்றாலும் மலையென்றாலும் துரைமாருக்கு ஒரே கண்தான்.

மூன்றாவது படம் எங்கள் தோட்டம். நான் பிறந்த தோட்டம். பெயரைப் பார்க்கும் முன்பே, பங்களாவுக்குப் பின்னால் நெற்றி போல் நீட்டிக்கொண்டிருக்கிற பாறையைப் பார்த்துக் கண்டுகொண்டேன்.

விடுதிக்காரர் என் அடிமட்டத்துக்கு மேலாக விரலை வைத்தார். “இந்த வலப் பக்கத்தைக் கொஞ்சம் மவுண்டுக்குள்ளை விடுங்கோ அண்ணை. பங்களா நடுவுக்கு வரும்.”

மவுண்ட் என்பது உள்மட்டை. படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் நான்கு பக்கமும் விடுகிற வெள்ளை மட்டை. படம் ஓரத்தில் கோணலாக இருந்தால் அதைக் கொஞ்சம் அகலமாக வெட்டிச் சரிக்கட்டுவோம். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். எங்கள் தொழிலில் இது தினமும் நடக்கிற காரியம்.

“ஓம் சேர், செய்து தாறன்” என்றேன்.

ஆட்களைப் பங்கு போட்ட கதை

இதே படத்தின் இன்னொரு பிரதி எங்கள் வீட்டிலும் உண்டு. அது வந்த விதத்தைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

அப்பா பங்களாவில் பூந்தோட்ட வேலை பார்த்தார். தோட்டத்தை அரசாங்கம் எடுத்தபோது கடைசித் துரை பெட்டி கட்டினார். வேண்டாத சாமான்களைப் பின்கட்டில் குவித்தார்கள். அந்தக் குவியலில் சட்டமும் கண்ணாடியும் உள்மட்டையுமாக இந்தப் படம் கிடந்தது. அப்பா கேட்டு எடுத்துவந்தார். எனக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும்.

எங்கள் ஆட்களிடம் முன்னோரின் போட்டோ என்று ஒன்று கிடையாது. இதே மன்னார்க் கரையில் வந்து இறங்கி, காட்டு வழியாக நடந்து, பாதிப் பேர் வழியிலேயே விழுந்து, மீதிப் பேர் மலை ஏறினார்கள். அவர்களை யார் போட்டோ எடுத்தார்கள்? ஆகவே ஞாயிற்றுக்கிழமை லயமே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. இது நம் தோட்டம், பழைய காலத்துப் படம், அப்படியானால் பெரட்டில் நிற்கிறவர்கள் நம் பாட்டன்மார்தானே? கணக்குச் சரிதான்.

பங்கு பிரித்தார்கள். தலைப்பாகையும் குடையுமாக நின்றவரைக் கங்காணி வீட்டார் யாரையும் கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள். படம் எங்களுடையது என்பதால் அவருக்கு அடுத்து நின்றவர் எங்களுக்கு. ஒரு கூடைக்காரருக்காக இரண்டு வீட்டுக்காரர் கைகலப்பு வரை போனார்கள். கடைசியில் ஒரு வீட்டுக்குக் கூடைக்காரர், மற்ற வீட்டுக்கு அவருக்குப் பின்னால் பாதி தெரிந்தவர் என்று முடிந்தது. பாதி ஆள் கிடைத்தவர்கள் ஒரு வருடம் எங்களோடு பேசவில்லை.

அநேகமாக எல்லாரும் போன பிறகு பழனியாண்டி வந்தார். கடைசி லயத்தில் இருந்தவர், பெரட்டுக்குத் தப்படித்து ஆள் கூட்டுகிற குடும்பம். சாதியைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அதனால்தான் அவர் கடைசியாக வந்தார், அதனால்தான் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

“எங்க ஆளு யாருங்க?”

அப்பா பார்த்துவிட்டுச் சொன்னார். “படத்துல உங்க ஆளு இல்லப்பா.”

“தப்படிக்கிறவன் இல்லாம பெரட்டு எப்புடிங்க கூடும்?”

“அன்னிக்கு ஒடம்பு முடியாமப் படுத்திருப்பான்.”

வாசலில் நின்ற இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பழனியாண்டியும் சிரித்துவிட்டுப் போனார்.

அன்றைக்குத் தொடங்கியது ஒரு வழக்கம். லயத்தில் யாராவது இறந்தால் பதினாறாம் நாள் கருமாதிக்கு அந்தப் படம் அந்த வீட்டுக்குப் போகும். அவர்களுடைய ஆளுக்கு நேரே கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். ‘இவரக் கூட்டிக்கிட்டுப் போங்க’ என்று கும்பிடுவார்கள். முன்னால் போனவர் வந்து கைப்பிடித்து அழைத்துப் போவார், வழி தெரியாமல் அலைய விடமாட்டார் என்பது நம்பிக்கை.

பழனியாண்டி வீட்டுக்கு அந்தப் படம் ஒருநாளும் போனதில்லை.

பொன்னுத்தாயி கேட்டது

மலையில் எங்களை அடித்து விரட்டிய கலவர வருடத்தில் பல குடும்பங்கள் லொறி ஏறி, கட்டுக்கரைப் பக்கம் ஒரு காலனியில் வந்து குடியேறினோம். பாட்டன்மார் இறங்கிய கரைக்கே பேரப்பிள்ளைகள் திரும்பி வந்தாயிற்று. வயலில் கூலி வேலை. நான் டவுனுக்கு வந்து தொழில் பழகிக் கடை போட்டேன். திருஇருதயப் படம், புதுநன்மைப் படம், மக்காப் படம் என்று எல்லாச் சமயமும் எனக்குச் சோறு போட்டது. பேச்சும் இரண்டாகிவிட்டது. கடையில் ‘வாறன்’, காலனியில் ‘வர்றேன்’.

விடுதிக்காரர் வந்துபோன மூன்றாம் நாள் பழனியாண்டியின் மகள் பொன்னுத்தாயி கடைக்கு வந்தாள். வயல் வேலையிலிருந்து நேரே பஸ் ஏறியிருக்க வேண்டும், காலில் சேறு காய்ந்திருந்தது. கதிரையைக் காட்டினேன். உட்காரவில்லை.

“அப்பாவ ஆஸ்பத்திரியில வேணாம்னு அனுப்பிட்டாங்கண்ணே.”

“எப்ப?”

“வெள்ளிக்கெழம. கஞ்சி எறங்க மாட்டேங்குது. பேச்சு மட்டும் நிக்கல. ‘என்னய யாரு வந்து கூட்டிக்கிட்டுப் போவா, என்னய யாரு வந்து கூட்டிக்கிட்டுப் போவா’ன்னு ஒரே கேள்வி.”

நான் மேசையில் கிடந்த வெட்டுத் துண்டுகளைக் கூட்டி ஒதுக்கினேன்.

“மத்தவங்களுக்கெல்லாம் ஆளு இருக்குல்ல. எங்கம்மா எந்தப் பக்கம் போனாங்களோ தெரியல. அப்பாவுக்குப் பயம் வந்திருச்சுண்ணே. அந்தப் படத்தக் கழட்டிப் பாருங்க. பூதக்கண்ணாடி வச்சுப் பாருங்க. ஒரு மூலையில, மரத்துக்குப் பின்னால, தலை மட்டும் தெரிஞ்சாக்கூடப் போதும். அவரு கண்ணு மூடுறதுக்குள்ள காட்டிருவேன்.”

என் முதுகுக்குப் பின்னால் அலுமாரியில் விடுதிக்காரரின் படம் சுருட்டிக் கிடந்தது. கையை நீட்டினால் எட்டும்.

“பாக்குறேன் தாயி. ரெண்டு நாள்ல வர்றேன்” என்றேன்.

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். என்னைக் கும்பிட்டாள்.

தலையில் சுமந்தவர்

அவளுடைய அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சண்டை கட்டுக்கரைப் பக்கம் வந்தபோது காலனி முழுவதும் கிளம்பி வன்னிக் காட்டுக்குள் போனது. நான் மன்னார்த் தீவுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், அவர்கள் அந்தப் பக்கம். ஒரு செய்தியும் இல்லை. அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். படம் அக்கா வீட்டில் இருந்தது. அக்காவுக்கு இரண்டு கையிலும் பிள்ளைகள், தலையில் அரிசி மூட்டை. படத்தை விட்டுவிட்டுத்தான் வெளிக்கிட்டாள்.

பழனியாண்டி திரும்பி ஓடிப் போய் அதை எடுத்துவந்தாராம். அக்கா பிறகு சொன்னாள். உரச் சாக்கில் சுற்றி, தலையில் வைத்து, மழைக்குள்ளும் செல்லடிக்குள்ளும் இடத்துக்கு இடம் சுமந்திருக்கிறார். சாமானையெல்லாம் வழியில் எறிந்தவர்கள், ‘இதயும் போடுய்யா, உங்க ஆளா அதுல இருக்கான்?’ என்று கேட்டிருக்கிறார்கள். ‘எல்லாரோட ஆளுந்தான இருக்கு’ என்றாராம்.

வழியில் செல் துண்டு பட்டு அவர் மனைவி போய்விட்டாள். தறப்பாள் கொட்டகையில் பதினாறாம் நாள் செய்தார்கள். படம் அவர் மடியில்தான் இருந்தது. யார் தடுக்கப் போகிறார்கள்? ஏதாவது ஓர் ஆளுக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டிருக்கலாம். வைக்கவில்லை. அடுத்தவர் பாட்டனைக் கூப்பிட்டால் வருவாரா என்று கேட்டாராம்.

திரும்பி வந்ததும் படத்தை அக்காவிடம் ஒப்படைத்தார். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை.

வெறும் காகிதம்

இப்போது சொல்லிவிடுகிறேன். இத்தனை வாரமும் ஊராரின் பிழைகளை எழுதிக் கைதட்டு வாங்கினேன். என் முறை வந்திருக்கிறது.

நான் கடை போட்ட இரண்டாம் மாதம் அப்பா அந்தப் படத்தைச் சேலைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். பழைய சட்டத்தைக் கறையான் அரித்துவிட்டது. புதுச் சட்டம் போட வேண்டும். கழற்றினேன். துரையின் உள்மட்டை உளுத்துப் போயிருந்தது, தொட்டதும் கையோடு வந்தது. வலது பக்கம் அது மற்றப் பக்கங்களைவிட அகலம். பங்களாவை நடுவுக்குக் கொண்டுவருவதற்காக எந்தக் காலத்திலோ ஒரு தொழில்காரன் செய்த வேலை.

அதற்கு அடியில் நான்கு விரல் அகலத்துக்குப் படம் புதிது போல் இருந்தது. ஒரு மரம், மரத்தடியில், மற்றவர்களைவிடக் கிட்டத்தில் பெரிதாக ஒரு மனிதர். இடுப்பில் தப்பு. தூக்கிய கையில் குச்சி. வாய் திறந்திருக்கிறது, ஆளைக் கூப்பிடுகிறார்.

அப்பா நெடுநேரம் பார்த்தார். தேத்தண்ணி ஆறிவிட்டது. எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. “பழனியாண்டி அண்ணன்கிட்டச் சொல்லணும்ப்பா” என்றேன்.

“சொன்னா, அடுத்த சாவுக்குப் படம் அவங்க வீட்டுக்குப் போகணும்” என்றார் அப்பா. “போனா, திரும்பி நம்ம வீட்டுக்கு வரணும்.”

ஆறிய தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “அந்த ஓரத்த வெட்டிரு” என்றார்.

அப்பா கெட்டவர் இல்லை என்று எழுதத் தோன்றுகிறது. பசியோடு வந்த யாரையும் திருப்பி அனுப்பாதவர். ஆனால் துரை எங்களை நிறுத்தி வைத்த படிக்கட்டில் எங்களுக்குக் கீழே ஒரு படி இருந்தது. அதைக் கைவிட அவருக்கு மனம் வரவில்லை. துரை போய்விட்டார், தோட்டமே போய்விட்டது, ஒரு துண்டுக் காணியில்லாமல் கட்டுக்கரையில் கூலிக்கு நிற்கிறோம். அந்தப் படியை மட்டும் கட்டிக்கொண்டு வந்திருந்தோம்.

வெட்டினேன். புதுப் பிளேட், நேரான கோடு. அப்போதே எனக்குக் கை நன்றாக வந்திருந்தது.

அந்த வாரமே பழனியாண்டி கடைக்கு வந்தார். பழைய மட்டையைக் கழற்றினேன் என்று கேள்விப்பட்டிருந்தார்.

“மட்டைக்கு அடியில யாராச்சும் இருந்தாங்களா தம்பி?”

“இல்லண்ணே. வெறும் காகிதந்தான்.”

“அதானே” என்று சிரித்துவிட்டுப் போனார். அவர் எப்போதும் சிரித்துவிட்டுத்தான் போவார். அந்தச் சிரிப்புத்தான் என்னை இத்தனை வருடம் நிம்மதியாக இருக்க விட்டது.

பதினாறாம் நாள்

இரண்டு நாளில் வருகிறேன் என்றவன் போகவில்லை. முதல் நாள் வேலை அதிகம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் நாள் மோட்டர் சைக்கிளில் பெற்றோல் இல்லை என்றேன், அடித்துவிட்டும் போகவில்லை. சொன்னால் அப்பாவின் பெயர் போகும், காலனியில் அக்கா தலைநிமிர்ந்து நடக்க முடியாது, ஒரு சாகிற மனுசனைக் கடைசி நேரத்தில் ஏன் நோகடிக்க வேண்டும். காரணத்துக்கா பஞ்சம்?

அந்த நாட்களில் விடுதிக்காரரின் படங்களை முடித்தேன். மூன்றாவது படத்துக்கு உள்மட்டையை அவர் சொன்னபடியே வலது பக்கம் அகலமாக வெட்டினேன். பங்களா நடுவுக்கு வந்தது. இன்றைக்கும் அந்தச் சாப்பாட்டு மண்டபத்தில் அப்படியேதான் தொங்குகிறது. பிறகு ஒருநாள் போய், மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன். “இப்ப நல்ல வடிவாயிருக்கண்ணை, விடுங்கோ” என்றுவிட்டார்.

ஆறாம் நாள் காலை அக்கா போன் எடுத்தாள். பழனியாண்டி போய்விட்டார்.

சாவு வீட்டுக்குப் போனேன். பொன்னுத்தாயி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் கைகளை மட்டும் பார்த்தாள். வெறும் கை. அதன்பிறகு பத்து நாளுக்கு மேல் எனக்குச் சோறு ருசிக்கவில்லை.

கருமாதியன்று காலை அக்கா வீட்டுக்குப் போய்ப் படத்தைக் கழற்றினேன்.

“எதுக்குடா தம்பி? அதுல அவங்க ஆளு இல்லயே.”

“இருக்காரு.”

அக்கா எட்டி வாசல் கதவைச் சாத்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “அப்பா மானத்த வாங்கப் போறியா?”

அவளுக்கும் தெரிந்திருந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பொன்னுத்தாயி வீட்டு முற்றத்தில் படையல் வைத்திருந்தார்கள். சோறு, கருவாட்டுக் குழம்பு, வெற்றிலை, ஒரு கிளாஸ் சாராயம், ஒரு கட்டு பீடி. போனில் எடுத்த படத்தை லெமினேற் செய்து வைத்திருந்தார்கள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார் பழனியாண்டி. அவருடைய தப்பு கம்பத்தில் தொங்கியது. அடிக்க ஆள் இல்லை.

எல்லாருக்கும் முன்னால் நிலத்தில் உட்கார்ந்து, குறட்டால் ஆணிகளைப் பிடுங்கினேன். கடையில் வைத்துத் திறந்திருந்தால் எனக்கு வேறு புத்தி வந்திருக்கும். பின்மட்டையை எடுத்தேன். பழைய பத்திரிகைத் தாளை எடுத்தேன். வலது பக்க அடிமூலையில், சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில், நான் செருகிய இடத்திலேயே அது இருந்தது.

கண்ணாடி சட்டத்துக்குள் ஆடினால் ஏதாவது காகிதத்தை மடித்துச் செருகி இறுக்குவோம். மேசையில் கிடப்பது எதுவோ அதை எடுப்போம். அன்றைக்கு மேசையில் கிடந்தது வெட்டிய அந்த ஓரம்.

மூன்றாக மடித்திருந்தேன். விரித்தேன். மரத்தைப் பூச்சி அரித்திருந்தது. ஒரு மடிப்பு அவர் முழங்காலுக்குக் குறுக்கே போனது. முகத்துக்கும் தப்புக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பொன்னுத்தாயி வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்.

“அப்பா மாதிரி இல்ல” என்றாள் முதலில். பிறகு, “தப்ப இப்புடித்தான் இடுப்புல எறக்கிக் கட்டுவாரு” என்றாள்.

துண்டின் நேரான ஓரத்தை விரலால் தடவினாள்.

“யாரு வெட்டுனது?”

அப்பா சொன்னார் என்று சொல்ல வாய் வந்தது. செத்தவர் வந்து மறுக்கப் போகிறாரா? ஆனால் பிளேட் பிடித்தது என் கை.

“நான்தான்.”

“மடிச்சு வச்சது?”

“அதுவும் நான்தான்.”

“மட்டைக்கு அடியில வெறும் காகிதம்னு அப்பாகிட்டச் சொன்னது?”

தலையாட்டினேன். பழனியாண்டி அதை மகளிடம் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அவள் அழவில்லை, ஏசவுமில்லை. ஏசியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். துண்டைப் பார்த்துக்கொண்டே, யாரிடமும் சொல்லாமல் சொன்னாள். “அப்ப அந்தக் காட்டுக்குள்ள எங்கப்பா இவரத்தான் தலையில வச்சுச் சுமந்திருக்காரு. அம்மாவுக்குக் கருமாதி செஞ்சப்ப மடியிலயே இருந்திருக்காரு.”

சந்தனம் எடுத்துப் பொட்டு வைத்தாள். வெற்றிலை ஒன்றைப் போட்டு, அதன் மேல் அந்தத் துண்டை அப்பாவின் படத்தோடு சேர்த்து நிறுத்தினாள். “கூட்டிக்கிட்டுப் போங்க” என்றாள். “அம்மா எங்க நிக்குதோ, போற வழியில அதயும் தேடிக் கூட்டிக்கிட்டுப் போங்க.”

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அங்கே அழ எனக்கு என்ன உரிமை என்று அடக்கிக்கொண்டேன்.

எல்லாம் முடிந்து எழும்பும்போது சொன்னேன். “ஒட்டித் தர்றேன் தாயி. முழுப் படமாச் சட்டம் போட்டுத் தர்றேன்.”

“அவங்களோட ஒட்ட வேணாம்” என்றாள். கழற்றிக் கிடந்த சட்டத்தைக் கண்ணால் காட்டினாள். “மிச்சத்த நீங்க கொண்டு போங்க.”

அன்றைக்கு அவள் வாயிலிருந்து அண்ணே என்ற சொல் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

பின்மட்டையைப் போட்டு ஆணி அடித்தேன். அக்கா வாசலில் நின்றாள், படத்தை வாங்கிக்கொள்ளவில்லை. மோட்டர் சைக்கிளின் பின் இருக்கையில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். கட்டுக்கரைக் குளக்கட்டைத் தாண்டும் முன்பே கண்ணாடி ஆடத் தொடங்கிவிட்டது. திருக்கேதீஸ்வரச் சந்தியிலும் ஆடியது. பாலத்தில் காற்று வேறு. வீடு வந்து சேரும்வரை முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் ஓயவில்லை.

படம் இப்போது என் கடைச் சுவரில் தொங்குகிறது. கச்சான் வீசும் நாட்களில் கடகடவென்று ஆடும். வருகிறவர்கள் சும்மா இருப்பதில்லை.

“என்னண்ணை, ஊருக்கெல்லாம் சட்டம் போடுறியள், உங்கடை கண்ணாடி இப்பிடி ஆடுது. ஏதேனும் மடிச்சுச் செருகுங்கோவன்.”

மேசை நிறையக் காகிதத் துண்டுகள் கிடக்கின்றன. நான் எதையும் எடுப்பதில்லை.